புதிய கடல்நீர் மீன் தொட்டியைப் பக்குவப்படுத்தும் முறை

கடல் மீன் வளர்க்கத் தொடங்குவோரிற் பலர், தொட்டியில் உப்பு நீரை நிரப்பிய மறுநாளே மீன்களையும் விட்டுவிடுகின்றனர். சில தினங்களில் அவை நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு வாங்கி மடிகின்றன. நோயென்று கருதி மருந்திடுவதாற் பயனில்லை. நீர் தெளிந்திருப்பினும் பக்குவமடையாததே பெரும்பாலும் காரணமாகும். கோமாளி மீன் குஞ்சுகளை வாங்கி வளர்த்து விற்க முற்படும் குடும்பத்தாருக்கு இது முதலையே இழக்கச் செய்யும்.

பக்குவமாவது யாது?

மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அழுகி அமோனியாவாகின்றன. இது மீன்களுக்குக் கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும், வேறொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் இட்ட அமோனியம் சல்பேட் உரத்தை நைட்ரேட்டாக மாற்றுவதும் இவ்வினத்தைச் சேர்ந்த உயிர்களே. இவற்றை ருஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-ம் ஆண்டையொட்டி ஆராய்ந்து விளக்கினார். இவை கற்களிலும் மணலிலும் வடிகட்டியிலும் படிந்து பெருகச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் செல்லும்.

தொடங்கும் விதம்

நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 முதல் 28 டிகிரி சென்டிகிரேட், பி.எச். 8.0 முதல் 8.4 வரை இருத்தல் வேண்டும். மீன் விடாமல், 100 லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம் சுத்தமான நவச்சாரத்தைக் கரைத்தால், அமோனியா பத்து லட்சத்தில் ஏறக்குறைய 2 பங்காகும். காற்றூட்டியை இரவும் பகலும் நிறுத்தலாகாது.

குறைகளும் பரிகாரங்களும்

(1) அமோனியா குறையாதிருத்தல்: குழாய் நீரிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றிருக்கலாம், சோடியம் தயோசல்பேட்டால் அதை நீக்கிய நீரையே பயன்படுத்துக. அமோனியா 5 பங்கிற்கு மேற்பட்டாலும் அவற்றின் வேலை தடைப்படும்; அப்பொழுது பாதி நீரை மாற்றுக.

(2) பி.எச். இறங்குதல்: நுண்ணுயிர்கள் தம் வேலையில் நீரின் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. அது குன்றினால் வேலையும் நின்றுவிடும். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடாவை நன்னீரிற் கரைத்து, நாளொன்றுக்கு ஒருமுறை மாத்திரம் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மீன் உள்ள தொட்டியில் அமோனியாவும் இருப்பின் பி.எச்.சைத் திடீரென உயர்த்தலாகாது. உயர உயர அமோனியாவின் நஞ்சும் கூடும். முதலில் நீரை மாற்றுதலே தக்கது.

(3) நைட்ரைட்டு நெடுநாள் நிற்றல்: இரண்டாம் வகை நுண்ணுயிர்கள் பிந்தியே பெருகுகின்றன. பொறுமையே பரிகாரம். இச்சமயத்தில் வடிகட்டியைக் குழாய் நீரிற் கழுவுதல், விளைந்த பயிரை உழுதழிப்பதற்கு ஒப்பாகும்.

(4) நைட்ரேட்டு மிகையாகக் காணுதல்: நைட்ரைட்டு உள்ளவரையில் பல நைட்ரேட்டுச் சோதனைகள் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். நைட்ரைட்டு நீங்கிய பின்னரே அவ்வளவை நம்புக.

(5) உப்பு ஏறுதல்: ஆவியாய்ச் செல்வது நீரே, உப்பு தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவிற்கு நன்னீரையே ஊற்றுக.

எச்சரிக்கை

விரைவிற் பக்குவமாகுமென்று கடலிலிருந்து பவளப்பாறைத் துண்டுகளைக் கொணரலாகாது. பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினாற் காக்கப்படுகின்றன. நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு பிடி கற்களை ஈரம் உலராமற் கொணர்ந்திட்டால் அதுவே உறைமோர்போல் உதவும்.

மீன் விடும் காலம்

முற்கூறிய அளவு நவச்சாரத்தை மீண்டுமிட்டு, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் முற்றும் மறைந்தால் தொட்டி பக்குவமடைந்ததென்று அறியலாம். பின்னர் பாதிக்கு மேற்பட்ட நீரை மாற்றி, ஒன்றிரண்டு மீன்களை மட்டும் விடுக. இரையைச் சுருக்கமாக இட்டு, இரண்டு வாரம் நீரைச் சோதித்து வந்தபின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அவசரத்தில் விட்ட பத்து மீன்களைவிட, பக்குவமான நீரில் விட்ட இரண்டே இலாபந் தரும்.