ஐயுறுவானும் பிரம்படியும்

“கடவுளைக் காட்டுக; கண்டால் நம்புவேன்” என்பது ஐயுறுவார் பலரும் விடுக்கும் வினா. இவ்வினாவை இகழ்ந்து ஒதுக்குதல் சித்தாந்த நூலார் மரபன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்து ஆராயப் புகுந்தவிடத்து, காட்சி ஒன்றே அளவையெனக் கொள்ளும் உலோகாயதனையே முதற்கண் நிறுத்தினார். ஆதலின், ஐயுறுவான் ஒருவனைக் கடவுளுண்மையிற் கொண்டு சேர்ப்பது யாது என்பதனை, மதுரைப் பதியில் வழங்கும் வரலாறுகள் மூன்றனை முன்வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மதுரை ஆரப்பாளையத்திலே வையை யாற்றை அடுத்துப் புட்டுத்தோப்பு என்னும் இடம் உளது. ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கலிங்கப் பெருமான் அங்கயற்கண்ணம்மையோடு அங்கே எழுந்தருள, பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நிகழ்த்திக் காட்டப்பெறும். திருவாதவூரினின்று மாணிக்கவாசகரும், திருப்பரங்குன்றத்தினின்று முருகப்பெருமானும் அவ்விழாவிற்கு வருவர். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் இஃது 61-ஆம் படலம். வையை பெருகி உடைப்பெடுத்தது. கரையடைக்கும் பங்கு குடிகள்தோறும் அளந்து விடப்பட்டது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியாளுக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டே கூலியாகப் பெருமான் ஆளாய் வந்தார், ஆடினார், பாடினார், உறங்கினார், வேலையோ முடிந்திலது. வெகுண்ட பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அவன்மேலும், அரண்மனையார்மேலும், எல்லா உயிர்கள்மேலும் பட்டது. ஒரு கூடை மண்ணைக் கொட்டி உடைப்பை அடைத்துப் பெருமான் மறைந்தருளினார்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. பாண்டியன் பெருமானைத் தன் கண்ணாற் கண்டான். பட்டப்பகலில், பலர் நடுவே, அடிக்கத்தக்க அண்மையிலே நின்று கண்டான். கண்டும் அறிந்திலன்; கூலியாளென்றே கொண்டான். தன் முதுகிற் பட்ட பின்னரே அறிந்தான். “காட்டினால் நம்புவேன்” என்பானுக்கு இது முதல் விடையாம். காட்டப்பட்டும் காணாதிருத்தல் கூடும். கண் ஆகிய வாயில் வடிவினைக் காட்டுமேயன்றி, அவ்வடிவிற்குள் நிற்பவன் இன்னான் என்பதனைக் காட்டமாட்டாது.

அற்றேல், கருதலளவையால் நம்பச் செய்தல் கூடுமன்றோ எனின், அஃது ஓரளவிற்குக் கூடும். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில், தோற்றம் நிலை இறுதி என்னும் முத்தொழிலுடைய உலகம் தானே இயங்காமையின் அதற்கு ஒரு முதல்வன் உளன் என நிறுவினார். ஆரப்பாளையத்துக் கரையில் நிற்பவன் வறண்ட மணலிலே புதுநீர் வரக் காண்கின்றான்; மேற்கே ஏதோ நிகழ்ந்தது எனத் துணிகின்றான். அத்துணிவு பிழைபடாது. ஆயினும் அந்நீர் வருசநாட்டு மலையிற் பெய்த மழையோ, 1959-இல் திறக்கப்பட்ட வையை அணையின் மதகு திறந்தமையால் வந்ததோ, 1895 முதல் பெரியாற்றினின்று மலையைக் குடைந்து இப்பாற் கொணரப்படும் நீரோ என்பதனை அக்கருதல் ஒன்றே அறுதியிடாது. மேலைநாட்டில் டேவிட் ஹியூம் (1711–1776) என்னும் ஐயவாதியும் இத்தகைய தடையையே எழுப்பினார்: காரியங் கொண்டு காரணத்தைத் துணியலாம், அக்காரணம் அன்புடையது என்பது யாங்ஙனம் பெறப்படும் என்பது அவர் வினா. கருதலளவை ஐயுறுவானை வாயில்வரை கொண்டு செல்லும். உள்ளே புகுவித்தற்குப் பிறிதொன்று வேண்டும்.

அப்பிறிதொன்று அற்புதமோ எனின், அதனையும் ஆராய்வாம். 62-ஆம் படலம் ஞானசம்பந்தப் பிள்ளையார் பாண்டியன் சுரந் தீர்த்தது. 63-ஆம் படலம் சமணரைக் கழுவேற்றியது. பிள்ளையாரது ஏடு தீயில் வேகாதிருந்ததும், வையையில் எதிரேறித் திருவேடகம் சார்ந்ததும் ஊரறிய நிகழ்ந்தன என்பது புராணம். அவற்றை நேரே கண்ட சமணருள் எண்ணாயிரவர் மனந்திரும்பாது கழுவேறினர் என்றும் அதுவே கூறுகின்றது. இக்கழுவேற்றம் வரலாற்றில் நிகழ்ந்ததோ என ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுவர். அஃது எங்ஙனமாயினும், அற்புதம் வாயடைக்குமே யன்றி நெஞ்சைத் திறவாது என்பதனைப் புராணமே ஒளியாது உரைத்தமை காண்க. பாண்டியனோ அனலும் புனலும் காண்பதற்கு முன்னரே பிள்ளையார்பாற் சார்ந்தான். திருநீறு தடவிய வலப்பாகம் குளிர்ந்ததனை அவன் உடம்பு அறிந்தது.

இவ்விரு பாண்டியர்க்கும் பொதுவாயது யாது? ஒருவன் முதுகில் அடியை உணர்ந்தான். மற்றவன் உடம்பிலே தண்மையை உணர்ந்தான். சித்தியார் அளவையிலே காட்சி நால்வகையாகப் பகுக்கப்பட்டது: வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. இன்பதுன்பங்களை உயிர் தானே நுகர்ந்தறிதல் தன்வேதனைக் காட்சி. உலோகாயதன் காட்சி வேண்டுமென்றது பிழையன்று. வாயிற் காட்சி ஒன்றையே காட்சியெனச் சுருக்கியதே பிழை. தன் பசியையும் தன் நோவையும் அவன் எந்தக் கண்ணாற் கண்டு நம்பினான்?

அற்றாயினும், தன்னுணர்வு பிறர்க்குச் சான்றாகாது. மயக்கமும் தன்னுணர்வாகவே தோன்றும். புராணமோ யான் ஏலாத உரையளவை என ஐயுறுவான் கூறுவான். இத்தடை வலியுடையது. புராணத்தை அவன்முன் சான்றாக வைத்திலம். நம்பிக்கை பிறக்கும் வழி இஃதென்பதற்கு எடுத்துக்காட்டாகவே வைத்தனம். மயக்கத்தைப் பிரித்தறிதற்கு அதே படலத்தில் ஓர் அடையாளமும் உண்டு. அவ்வடி பாண்டியன் முதுகில் மட்டும் பட்டதன்று. எல்லா முதுகிலும் பட்டது. தன்னளவில் நின்று செருக்கை வளர்க்கும் உணர்வு ஆணவத்தின் தொழில். பிற உயிரின் நோவைத் தன் நோவாக அறிவிக்கும் உணர்வே திருவருளின் தொழில். முன்னையது திரிவு, பின்னையது காட்சி.

இனி, ஐயம் என்பதும் பகையன்று. ஐயுறுவான் மறுப்பவனல்லன், இரண்டிடத்தும் மனம் வைத்து நிற்பவன். மலம் பக்குவமாகும்வரை மறைத்து நிற்பதும் திருவருளே; அதனைத் திரோதான சத்தி என்பர் நம் ஆசிரியர். கூலியாள் வேடத்தில் மறைந்து நின்றவரும் பெருமானே யன்றோ? ஆதலின் ஐயுறுவானை வெகுளுதல் அம்மறைப்பை வெகுளுதலாய் முடியும். சத்திநிபாதம் நம் சொல்லால் வருவதன்று.

எனின், நாம் செய்யக் கிடந்தது யாதொன்றும் இன்றோ? உண்டு. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக எனப் பணிக்கின்றது. ஐயுறுவானுக்குக் கண்முன் நிற்கும் சான்று அடியாரே. ஆளில்லாத வந்தி ஒருத்தியின் பங்கை, உதிர்ந்த பிட்டேயன்றி வேறு கூலி கருதாது, அடியையும் ஏற்றுச் சுமப்பாரை அவன் ஒருகாற் காண்பானாயின், அவன் நெஞ்சில் ஒரு தைப்பு உண்டாகலாம். காணாதொழியின், அளவை நூல் முழுதும் ஓதினும் அவன் வாயில்வரையே வந்து மீள்வான். “கடவுளைக் காட்டுக” என்னும் அவன் வினா, வேடந் தாங்கிய நம்மை நோக்கியே விடுக்கப்பட்டதென்று அறிந்து ஒழுகுவோமாக.

திருச்சிற்றம்பலம்.