60 டிகிரி இருக்கட்டும், அந்த 14ஐப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 51. சனி, ஞாயிறு தவறாமல் சென்னையில் கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் 22. கிரீன் பக்கம் வரை எப்படியோ வந்துவிடுகிறேன், அதன்பிறகுதான் வினை. 30, 40 யார்டிலிருந்து அடித்தால் பந்து கிரீனில் விழுந்து மறுபக்கம் ஓடிவிடுகிறது. பாதி நேரம் வெட்ஜின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, பந்து தாழ்வாகப் பறந்து பின்னால் உள்ள பங்கரில் போய் விழுகிறது. கையில் இருப்பவை அயர்ன் செட்டோடு வந்த 44 டிகிரி பிட்சிங் வெட்ஜும், 56-14 என்று பொறித்த பழைய சாண்ட் வெட்ஜும். 60 டிகிரி லாப் வெட்ஜ் வாங்கு, பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும் என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா? எந்த பிராண்ட் நல்லது?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் தொல்லைக்கான துப்பை நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த 14தான் அது.

56 என்பது முகத்தின் சாய்வு, அதாவது லாஃப்ட். 14 என்பது பவுன்ஸ். வெட்ஜை அடிக்க நிற்பதுபோலத் தரையில் வைத்து, குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். முன்விளிம்பு தரையைத் தொடாமல் சற்றுத் தூக்கி நிற்கும். அடிப்பாகத்தின் பின்பக்கம்தான் தரையில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சரிவின் கோணம்தான் பவுன்ஸ். மணலிலும் ஈர மண்ணிலும் விளிம்பு மண்வெட்டிபோல இறங்கிவிடாமல், மேலோட்டமாக வழுக்கி வெளியே வருவதற்கான ஏற்பாடு இது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன், நிப்லிக் என்ற பழைய மட்டையின் அடியில் கூடுதல் உலோகத்தைப் பற்றவைத்து இந்த வடிவத்தைப் பக்குவப்படுத்தினார். 1932இல் பிரிட்டிஷ் ஓபனை வென்றபோது அந்த மட்டை அவர் பையில் இருந்தது.

சாரசன் தீர்க்க நினைத்தது மணல் தொல்லையை. நீங்கள் மாட்டிக்கொள்வதோ புல் தரையில். கோடையில் நம் ஊர் ஃபேர்வே எப்படி இறுகிக் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தரையில் 14 டிகிரி பவுன்ஸ் மோதினால் மட்டை எம்பும். எம்பியதும் முன்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் போய் முட்டும். கையையும் தலையையும் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பாதிக் குற்றம் அடிப்பாகத்தின் மீது.

மீதிப் பாதி உங்கள் ஸ்விங் எப்படி இறங்குகிறது என்பதில் இருக்கிறது. அடித்த இடத்தில் புல்லும் மண்ணும் கனமாகப் பெயர்கிறதா, அல்லது புல்லின் நுனி மட்டும் சீவப்படுகிறதா என்று பாருங்கள். வெட்ஜைத் திருப்பி அடிப்பாகத்தையும் பாருங்கள். கீறலும் தேய்மானமும் முன்விளிம்பை ஒட்டி மட்டும் இருந்தால் நீங்கள் செங்குத்தாக இறங்குகிறவர். பின்பக்கம் வரை பரவியிருந்தால் தரையைத் தடவிச் செல்கிறவர். தடவிச் செல்கிறவருக்கு இறுகிய தரையில் 6 முதல் 8 டிகிரி பவுன்ஸ் போதும். செங்குத்தாக இறங்குகிறவர் அவ்வளவு குறைத்தால் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு 10 டிகிரி அளவில், குதிகால் பக்கமும் பின்விளிம்பும் சீவப்பட்ட அடிப்பாகம் பொருந்தும். இந்தச் சீவலைத்தான் கிரைண்ட் என்கிறார்கள். வோக்கி என்ற பிராண்டின் வெட்ஜ்களில் எஃப், எஸ், எம், கே என்று எழுத்துகளாகப் பொறித்திருப்பது அதுதான். பவுன்ஸ் எண் ஒன்றாகவே இருந்தாலும் கிரைண்ட் வேறானால் மட்டை நடந்துகொள்ளும் விதமும் வேறு.

இனி ஸ்பின், அதாவது பந்தின் சுழற்சி. லாஃப்ட் ஏற ஏற ஸ்பின்னும் ஏறிக்கொண்டே போகும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஓரளவு வரைதான் அது உண்மை. அதற்கு மேல் சாய்த்தால் பந்து முகத்தில் பிடி கிடைக்காமல் வழுக்கி மேலேறிவிடும். உயரம் கிடைக்கும், பிடிப்பு கிடைக்காது. 60 டிகிரியில் பந்து நிற்பது பெரும்பாலும் அது செங்குத்தாக வந்து விழுவதால். அந்த உயரத்தை வரவழைக்க வேகமாக வீச வேண்டும். 30 யார்டுக்கு வேகமாக வீசும்போது ஒரு மயிரிழை தவறினாலும் பந்து கிரீனைத் தாண்டிவிடும். 22 ஹேண்டிகேப்காரருக்கு இது வலியப்போய் வாங்கும் வம்பு.

பந்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. உறை கடினமான மலிவு விலைப் பந்தாக இருந்தால், எந்த வெட்ஜ் வாங்கினாலும் பந்து கிரீனில் ஓடத்தான் செய்யும். யூரித்தேன் உறை மென்மையானது. முகத்தின் வரிப்பள்ளங்கள் அதைக் கவ்விப் பிடிக்கும். ஒரு பெட்டி பந்தின் விலை புது வெட்ஜின் விலையில் ஒரு பகுதிதான். முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது அந்த வரிப்பள்ளங்கள், அதாவது குரூவ். 2010 ஜனவரி முதல் தொழில்முறைப் போட்டிகளில் இவற்றின் ஓரக் கூர்மைக்கு வரம்பு வந்துவிட்டது. உயரப் புல்லிலிருந்து அடித்தாலும் பந்தைச் சுழற்றி நிறுத்துவது அளவுக்கு மீறி எளிதாகிவிட்டது என்பது விதி வகுத்தவர்களின் வாதம். பந்துக்கும் முகத்துக்கும் நடுவே புல்லோ ஈரமோ மாட்டினால் ஸ்பின் சரியும். அவற்றை ஒதுக்க இடம் தருவதே குரூவின் வேலை. மண் அடைத்த குரூவால் அது முடியாது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து, டீ முனையால் மண்ணைக் கிளறி எடுங்கள். கடையில் விற்கும் குரூவ் கூராக்கும் கருவி பக்கம் மட்டும் போகாதீர்கள். பள்ளத்தின் அளவு விதியின் வரம்பை மீறிவிட்டால் போட்டியில் அந்த வெட்ஜ் செல்லாது. உங்கள் 56 எவ்வளவு பழையது என்று சொல்லவில்லை. நகத்தால் தடவிப் பாருங்கள், ஓரம் மழுங்கி நகம் தட்டாமல் ஓடினால் அது ஓய்வு பெறட்டும்.

இன்னொரு ஓட்டையும் உங்கள் பையில் இருக்கிறது. 44க்கு அடுத்து நேராக 56. நடுவில் 12 டிகிரி வெற்றிடம். அந்த இடைவெளியில் வரும் தூரத்துக்கெல்லாம் ஒன்று பிட்சிங் வெட்ஜை அடக்கி அடிக்கிறீர்கள், இல்லை 56ஐ மூச்சுப் பிடித்து வீசுகிறீர்கள். 60க்கு வைத்திருக்கும் பணத்தில் 50 டிகிரி ஒன்று வாங்குங்கள். முழு வீச்சுக்கு மட்டுமல்ல, கிரீன் ஓரத்திலிருந்து தாழ்வாகத் தட்டி உருட்டவும் அது உதவும். முன்பு நம் நாட்டு மைதானங்கள் பலவற்றில் புல் கிரீனே கிடையாது, எண்ணெய் கலந்த மணல் பிரவுன்தான். அங்கே ஆடிப் பழகிய பெரியவர்கள் பந்தை வானத்துக்கு அனுப்புவதில்லை. ஒரு குட்டி எம்பல், மீதி உருட்டல். அவர்களோடு ஒரு மாலை ஆடிப் பாருங்கள். 50க்கு அடுத்து வாங்க வேண்டியது, பழைய 56க்குப் பதிலாக 8 அல்லது 10 டிகிரி பவுன்ஸ் உள்ள 54 அல்லது 56. பையில் 14 மட்டைதான் என்ற விதியின் வரம்பை எட்டிவிட்டீர்கள் என்றால், சரியாக அடிக்க வராத நீள அயர்ன் ஒன்றை வீட்டில் வைத்துவிடுங்கள்.

பிராண்ட் கடைசிக் கேள்வி. பெயர் பெற்ற நிறுவனங்களின் வெட்ஜ்களில் உங்கள் ஆட்டத்துக்குத் தெரியும் வேறுபாடு குறைவு, ஷாஃப்டின் எடை உங்கள் அயர்ன்களோடு ஒத்துப்போனால் சரி. ஆனால் கடையின் செயற்கைப் புல் விரிப்பில் அடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விரிப்பில் எந்த அடிப்பாகமும் வழுக்கிக்கொண்டு போகும். பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தரையைத் தொட்டாலும் அடி நன்றாக விழுந்ததுபோலவே இருக்கும். டெமோ மட்டை தருவார்களா என்று கேளுங்கள். தந்தால் மதிய வெயிலில், புல் தேய்ந்த இடத்தில் பந்தை வைத்து இருபது முறையாவது அடியுங்கள். தராவிட்டால் கிளப்பில் யாரிடமாவது அந்த மாடல் இருக்கும், கேடியிடம் விசாரித்தால் யார் பையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.