பூனையின் தோலில் அரிப்பு, வீட்டுத் தரையில் தெள்ளு

கேலாங் கடைவீடுகளின் பின்சந்துகளில் திரியும் சமூகப் பூனைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். சிலவற்றுக்கு வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகின் கடைசிப் பகுதியில் மட்டும் முடி கத்தரித்ததுபோல் குட்டையாக இருக்கும். தோலில் மணல் ஒட்டியதுபோல் சிறு சிறு பொருக்குகள் தெரியும். “சொறிப் பூனை, கிட்டே போகாதே” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் பல பூனைகளுக்கு அது ஒட்டிக்கொள்ளும் நோயே அல்ல, ஒவ்வாமை.

வீவக வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. உரிமமும் மைக்ரோசிப்பும் பெற்று, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஆகவே, இந்த அரிப்பைப் புரிந்துகொள்வது இப்போது உங்களில் பலருக்கு வீட்டு வேலையும்கூட.

குற்றவாளி தெள்ளுப்பூச்சி. இது பேனும் அல்ல, உண்ணியும் அல்ல. எள்ளைவிடச் சிறியது, இறக்கை இல்லை, குதிக்கும். முடிகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓட ஏதுவாக, இதன் உடல் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். இரத்தம் குடிக்கும்போது உமிழ்நீரையும் தோலுக்குள் விடுகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள புரதங்கள்தான் சிக்கல். பெரும்பாலான பூனைகள் சற்றுச் சொறிந்துவிட்டுப் போய்விடும். சில பூனைகளின் உடலோ அந்தப் புரதத்துக்கு எதிராக ‘ஐஜிஇ’ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்திருக்கிறது. அடுத்த கடி விழுந்ததும் தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தோல் சிவந்து, வீங்கி, அரிக்கிறது. அப்பளம் பொரித்த புகைக்கே தீ எச்சரிக்கை மணி அலறுவதைப் போன்றது இது. அதனால்தான் உடல் நிறையத் தெள்ளுள்ள பூனை நிம்மதியாகத் தூங்கும். ஓரிரு கடி பட்ட பூனை தன் முடியைத் தானே நக்கிப் பிய்த்துக்கொள்ளும்.

“எங்கள் பூனையிடம் தெள்ளே இல்லை” என்று சொல்பவர்கள் அதிகம். பூனை நக்கும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. தடயம் எப்படி மிஞ்சும்? ஒரு எளிய சோதனை செய்யலாம். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் முதுகை வாருங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகள்களை நனைத்த வெள்ளை டிஷ்யூவில் உதறுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது வெறும் தூசி அல்ல, தெள்ளின் எச்சம். அதாவது செரித்த இரத்தம்.

இனி தரையைப் பார்ப்போம். தெள்ளு பூனையின் மேல்தான் முட்டையிடுகிறது, ஒரு நாளில் 40 வரைகூட. ஆனால் வழுவழுப்பான முட்டைகள் முடியில் நிற்காமல் படுக்கையிலும் சோபாவிலும் உதிர்ந்துவிடும். புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி இடுக்குகளில் ஒளிந்து, பெரிய தெள்ளுகளின் எச்சத்தைத் தின்று வளர்கின்றன. ஈரப்பதம் குறைந்தால் அவை காய்ந்து இறந்துவிடும். சிங்கப்பூரில் அந்தக் கவலை அவற்றுக்கு இல்லை! ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் இருப்பதால் மூன்று, நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். பூனைக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுப் படுக்கையை விட்டுவைத்தால் பலன் இருக்காது. விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். சோபா இடுக்குகளில் தூசி உறிஞ்சியைப் போட வேண்டும். வீட்டிலுள்ள எல்லாப் பூனை, நாய்களுக்கும் மருத்துவர் சொல்லும் தெள்ளு மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும்.

எந்த மருந்து என்பதில்தான் உயிரே இருக்கிறது. நாய்களுக்கான சில தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அதைப் பூனையின் கழுத்தில் விட்டால் நடுக்கமும் வலிப்பும் வந்து இறக்கவும் கூடும். காரணம் கல்லீரல். பல வேதிப்பொருள்களோடு குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்து, நீரில் கரையச் செய்து வெளியேற்றுவது நம் கல்லீரலின் வழக்கம். அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் ஒன்றுக்கான மரபணு பூனைகளில் செயலற்றுக் கிடக்கிறது. சிங்கம், புலிக்கும் அதே கதைதான். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சாவதும் இதனால்தான். தேயிலை மர எண்ணெய் போன்ற ‘இயற்கை’ வைத்தியமும் வேண்டாம். பூனை நக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் தோலில் தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

வட்டமாக முடி உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும். மூக்கிலோ முகத்திலோ ஆறாத புண் இருந்தால் பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். வெறும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிகிச்சை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் புதிய தெள்ளு ஒன்று கண்ணில் பட்டால், மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கூட்டுப்புழுவின் கூட்டுக்குள் பூச்சிமருந்து எளிதில் புகாது. உள்ளே காத்திருக்கும் தெள்ளு, பக்கத்தில் நடமாடும் உடலின் சூட்டையும் அதிர்வையும் உணர்ந்த பிறகே வெளியே வரும். அந்தக் கூடுகள் எல்லாம் காலியாகும்வரை, சுமார் மூன்று மாதமாவது, மருந்து தொடர வேண்டும்.