வலது குறைந்தோரும் சட்டமும்: நாம் அறிய வேண்டியவை

மிதிவெடியில் காலை இழந்தவர், ஷெல் துண்டு முதுகில் பட்டுப் படுக்கையானவர், பிறப்பிலிருந்தே காது கேளாத பிள்ளை என யாரோ ஒருவர் நம் உறவுக்குள் இருக்கிறார். "பாவம், என்ன செய்வது" என்று ஆறுதல் சொல்கிறோம். ஆனால் சட்டம் அவருக்கு என்ன கொடுத்திருக்கிறது என்று கேட்பது குறைவு. இம்முறை அதைப் படிப்போம்.

வலது குறைந்தவர் யார்?

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு விளக்கம் தருகிறது. உடலிலோ மனதிலோ உள்ள குறையால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ ஓரளவாகவோ தானே நிறைவேற்ற முடியாதவர் என்பதே அதன் கருத்து. குறை பிறவியில் வந்ததா, பின்னர் வந்ததா என்ற வேறுபாடு இல்லை. ஆகவே, போரில் காயப்பட்டவர் மட்டுமல்ல, பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவரும், மனநோயால் வீட்டுக்குள் முடங்கியவரும் இதில் அடங்கலாம்.

சட்டம் தரும் உரிமைகள்

இச்சட்டத்தின் 23 ஆம் பிரிவு மூன்று காரியங்களைச் சொல்கிறது. குறையைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்க்க மறுக்கக் கூடாது. பாடசாலையில் அனுமதி மறுக்கக் கூடாது. பொதுமக்கள் செல்லும் இடங்களுக்குச் செல்வதைத் தடுக்கக் கூடாது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். வழக்குச் செலவுக்கு வழியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அரசாங்க வேலைகளில் தகைமையுள்ள வலது குறைந்தோருக்கு நூற்றுக்கு 3 இடங்கள் ஒதுக்கும்படி 1988 இல் சுற்றறிக்கை வெளிவந்தது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் போன்ற வசதிகள் வேண்டும் என 2006 இல் விதிகள் வந்தன. 2011 இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 2016 இல் இலங்கை இது பற்றிய ஐ.நா. உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டது.

மாதாந்த உதவி

வறிய குடும்பங்களிலுள்ள வலது குறைந்தோருக்கு அரசாங்கம் மாதாந்தக் கொடுப்பனவு வழங்குகிறது. இது 2024 இல் 7,500 ரூபாவாகவும், 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. முன்னர் நிதி போதாமையால் தகுதியுள்ள பலர் காத்திருப்போர் பட்டியலிலேயே விடப்பட்டனர். ஆகையால் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டிலிருப்பது போதாது; திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டும்.

இடம்பெயர்ந்தோர் கவனத்திற்கு

வேறு பிரதேச செயலகப் பிரிவுக்குக் குடிமாறினால் பதிவும் தானாக நம்முடன் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. புதிய இடத்துக் கிராம அலுவலரையும், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் உடனே சந்திப்போம். அடையாள அட்டை அல்லது பிறப்புச் சான்றிதழ், வைத்திய அறிக்கை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்வோம். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதியைத் திகதியுடன் வைத்துக்கொள்வோம். அதிபர் பிள்ளையைச் சேர்க்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குச் செல்வோம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே நம் வீட்டிலேயே ஒரு தடை உண்டு. மூத்தவளின் கலியாணம் குழம்பிவிடும் என்று இளையவனை ஆட்கள் வரும்போது பின்னறைக்கு அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன. அந்தப் பயம் நமக்கு விளங்காததல்ல. ஆனால் வெளியே தெரியாத பிள்ளைக்குப் பதிவு இல்லை. பதிவில்லாத பிள்ளைக்குக் கொடுப்பனவும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. தாய் தகப்பன் இருக்கும் வரை அவர்கள் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பின் அவனுக்கு உரியதை யார் கேட்டு வாங்குவது?

கூடிப் பேச

1. நமது கிராமத்தில் வலது குறைந்தோர் எத்தனை பேர்? அவர்களில் பதிவு பெறாதவர்கள் யார்?

2. நமது பாடசாலை, வைத்தியசாலை, சங்கக் கடை ஆகியவற்றுக்குள் சக்கர நாற்காலி போகுமா?

3. பிரதேச செயலகத்துக்குத் தனியே போக முடியாதவர்களுடன் அடுத்த மாதம் நம்மில் யார் போவது?