சாயம் நிற்பது எதனால்?
கலம்காரித் துணியைப் பற்றி ஒரு பாடம்

துணி வாங்குவோர் முதலிற் கேட்பது, "சாயம் போகுமா?" என்பதே. நம் நாட்டுக் கலம்காரித் தொழிலாளர் இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்டனர். விருத்தாசலத்துக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையிலுள்ள கோடாலிக்கருப்பூர் இத்தொழிலுக்குப் பேர்போனது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கு அங்கே சேலைகள் தயாராயின. 1855-ல் அவ்வரசு முடிவுற்றபின், ஆதரிப்பாரின்றித் தொழில் நலிந்தது.

பருத்தி நூல் சாயவேரின் சிவப்பைத் தானாகப் பற்றாது. இரண்டையும் பிணைப்பது படிகாரம். மூங்கிற் கோலால் எழுதினாலும், மர அச்சாற் பதித்தாலும் முறை ஒன்றே.

1. கஞ்சி போக வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, எழுதும் நீர் பரவாமல் தடுக்கும்.

2. துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் நீரிற் பல நாள் புளிக்கவிட்டு, அந்நீராற் கோடு வரைவர். கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து அது கறுக்கும்.

3. சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகார நீரைத் தடவி, உலர்த்தி, மிகுதியை ஓடும் நீரில் அலசுவர். பின் துணி முழுவதையும் சாயவேர் நீரிற் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடத்திற் சிவப்பு நிலைக்கும். மற்ற இடத்துக் கறையைச் சாணநீரும் வெயிலும் வெளுத்துவிடும்.

4. நீலத்துக்கு அவுரி. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மறைத்துத் தொட்டியில் அமிழ்த்துவர்.

இத்துணி கடல்கடந்து சென்று சீமை நெசவாளருக்குப் போட்டியானது. 1721-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே சட்டத்தால் தடுத்தது. 1868-ல் ஜெர்மானிய ரசாயனிகள் வேர்ச்சிவப்பையும், 1897-ல் ஜெர்மானியத் தொழிற்சாலையொன்று நீலத்தையும் செயற்கையாகத் தந்தபின், வேரும் அவுரியும் விலையிழந்தன.

கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். தொழிலைக் காப்பது சங்கத்தின் கடன். துணி ஊறியும் உலர்ந்தும் கிடக்கும் நாட்களில் தொழிலாளியின் முதல் அதிலேயே முடங்குகிறது. அப்போது தவணை கேட்டு நெருக்கினால், அவர் அலசலைக் குறைப்பார், சாயம் போகும், வாங்கியவர் மறுமுறை வாரார். ஆகவே அங்கத்தினர்கள் மூன்றைக் கைக்கொள்ளல் நலம்: கடன் தவணையை விற்பனைக்குப் பின் வைத்தல், கூலியை ஒவ்வொரு படிக்கும் தனியே கணக்கிடல், துணியை ஏற்குமுன் ஈர வெள்ளைத் துணியாற் தேய்த்துப் பார்த்தல். சாயம் ஒட்டினால் தொழிலாளியை மட்டும் குறை கூறாது, அவருக்குப் போதிய அவகாசம் தந்தோமா என்றும் விசாரிக்க வேண்டும்.