முதலில் ஆட்களைச் சேர்

சுங்கைப் பட்டாணி

அன்புள்ள மருமகனுக்கு,

உன் நாடகத்தை நிதானமாக வாசித்தேன். கணக்கர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய்.

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளும் உப்பளத்தில் கணக்கு எழுதியவர்தான். 24 வயதில் அதை உதறினார். இதைப் படித்ததும் நாளைக்கே ராஜினாமாக் கடிதம் நீட்டிவிடாதே. அவர் வேலையை விட்டு அறைக்குள் உட்கார்ந்து எழுதவில்லை. நாடகக் குழுவுக்குள் போனார். எமனாகவும் இராவணனாகவும் வேடம் கட்டினார். பிறகு வாத்தியாரானார். நடிகர்கள் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசி, ஒருவரை ஒருவர் மடக்கிக் கதையைத் தொலைத்துக்கொண்டிருந்த காலம் அது. பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுத்து அதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அவர்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிள்ளைகள் அவரோடே தங்கி, உண்டு, பாடம் படித்தார்கள். அங்கே சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு 6 வயது. அந்தச் சிறுவன் நடிப்பதற்காக ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தாராம். அந்த வேகத்தைத்தான் எல்லாரும் வியக்கிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. எந்தப் பிள்ளை பாடப்போகிறான், அவன் தொண்டை எந்தச் சுருதியைத் தாங்கும், எத்தனை அடிக்கு மூச்சுப் பிடிப்பான் என்பதெல்லாம் எழுதும்போதே அவருக்குத் தெரியும்.

அதனால்தான் அந்த மாதிரி நாடகங்கள் கடல் தாண்டியும் நின்றன. நம் ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் பால்மரம் வெட்டியவர்களே வள்ளியாகவும் முருகனாகவும் ஆடினார்கள். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்தார்கள். உன் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, பாட்டு முழுக்கத் தெரியும்.

வேலையை விடாதவரும் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராக இருந்து நீதிபதியும் ஆனவர். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகங்கள் அதன் பிறகே வந்தன, தொண்ணூறுக்கும் மேல். ஒருவர் வேலையை விட்டார், ஒருவர் விடவில்லை. ஆனால் இருவரும் ஆட்களோடு இருந்தார்கள்.

உன் நாடகத்தில் அதுதான் இல்லை. லயத்துக் கிழவி செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசுகிறாள். பேரனும் அதே நடை. அவளை யார் நடிப்பார் என்று நீ நினைத்தே பார்க்கவில்லை.

வேலையில் இரு. தோட்டங்கள் போய், சனங்கள் தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். கோயில் மண்டபம் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது. நாலு பிள்ளைகளைச் சேர். உன் சம்பளத்தில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடு. வசனத்தை அவர்கள் வாயில் கேள்; இடறுகிற இடத்தை அங்கேயே மாற்று. சேர்த்தவர்களை விட்டுவிடாதே. கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு நின்ற பிறகும் சுவாமிகள் தன் பிள்ளைகளை விட்டுப் போகவில்லை. 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

கிழவியின் காட்சியை உன் அம்மாவிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல். அவள் எங்கெங்கே தடுமாறுகிறாள் என்று குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா.

அன்புடன்,
மாமா