முதலில் நிற்கப் பழகுங்கள்

எயார் ரைபிள் சுடப் பழக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள் என்பதே என் பதில். நல்ல எயார் ரைபிளைப் பிடிகருவியில் இறுக்கி வைத்துச் சுட்டால், குண்டுகள் ஏறக்குறைய ஒரே துளையில் விழும். அதை மனித உடம்பு ஏந்தும்போதுதான் அவை சிதறுகின்றன. 10 மீற்றர் தூரத்திலுள்ள இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீற்றர் அகலமே. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மில்லிமீற்றர். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 75 சென்ரிமீற்றர் இருப்பதாக வைத்துக்கொண்டால், முன்குறி 0.2 மில்லிமீற்றர் விலகினாலே குண்டு ஒரு வளையம் தள்ளிப் போகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் 16 வயது பான் ஹியோ-ஜின், சமநிலை முறிக்கும் கடைசிச் சூட்டில் 10.4 எடுத்து, 10.3 எடுத்த சீன வீராங்கனையை வென்றார். அந்தத் தங்கத்தின் தூரம் ஏறத்தாழ கால் மில்லிமீற்றர். இவ்வளவு நுணுக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே பயிற்சி பாதத்தில் தொடங்குகிறது. வலக்கைக்காரர் இடப்பக்கத்தை இலக்குக்குக் காட்டி, கால்களைத் தோளளவு அகட்டி நிற்க வேண்டும். துப்பாக்கியின் பாரத்தை இடக்கையின் தசை தூக்கக்கூடாது. முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, எலும்பு வழியாகப் பாரத்தைத் தரைக்கு இறக்க வேண்டும். தசை களைக்கும், நடுங்கும், எலும்பு களைக்காது. போட்டி விதி 5.5 கிலோ வரை எடையை அனுமதிக்கிறது, 75 நிமிடங்களில் 60 முறை சுட வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். அடுத்தது, நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கும் பாடம்: நிலையெடுத்த பின் கண்களை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். குறி இலக்கை விட்டு விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்த வேண்டாம், பாதத்தை நகர்த்துங்கள். கையால் திருத்தினால், விசை விடுபடும் கணத்தில் உடம்பு தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருமுன் உள்ள அமைதியில் சுட வேண்டும். எட்டுப் பத்து விநாடிக்குள் சுட முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். இறக்கத் தெரிவதும் திறமைதான். தொடக்கக்காரர் கெடுக்கும் சூடுகளில் பெரும்பகுதி, இறக்க மனமில்லாமல் சுட்டவை. விசையைச் சுண்டாமல் மெல்ல அழுத்தி, சுட்ட பின்னும் ஓரிரு விநாடி அசையாமல் நில்லுங்கள். எங்கே பட்டது என்று எட்டிப் பார்க்கும் ஆசை, குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்னரே தலையை அசைத்துவிடும். முதல் மாதங்களில் புள்ளி எண்ண வேண்டாம். ஐந்து குண்டுகளும் ஓரிடத்தில் நெருங்கி விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். நெருங்கிய கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவர குறியைத் திருகினால் போதும்.

எங்கள் ஊரான நெல்லியடியில் இதைப் பேசும்போது முதலில் எழும் மறுப்பு நுட்பம் பற்றியதல்ல. 1987 ஜூலை 5ஆம் திகதி, இங்குள்ள மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாம் மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. பள்ளிக்கூடம் போர்க்களமாகியதைக் கண்ட ஊரில், பிள்ளையின் கையில் துப்பாக்கி என்றதும் ஒரு தாய் பதறினால், அந்தப் பதற்றம் நியாயமானது. அதை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் மனித உருவ இலக்கு கிடையாது; இருப்பது வட்டம் மட்டும். சுடுதளத்தில் குழல் எந்நேரமும் இலக்கின் திசையையே நோக்கியிருக்க வேண்டும், சுடும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், கட்டளை வந்த பிறகே குண்டு போட வேண்டும், சுடாத வேளையில் குழல் வெறுமை என்று காட்டும் கொடி செருகியிருக்க வேண்டும். ஆயுதத்தை அதிகாரமாகப் பார்க்கிற மனம் இந்தக் கட்டுப்பாட்டில் சலித்துப்போகும். துப்பாக்கியின் மீது மோகம் கொண்ட பிள்ளையைச் சேர்க்க வேண்டாம் என்றே பயிற்றுநர்களிடம் சொல்வேன். வீட்டில் சம்மதமில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

இரண்டாவது மறுப்பு வசதி பற்றியது. பான் ஹியோ-ஜின் 2021இல்தான் சுடத் தொடங்கினார் என்பது உண்மை. அவருக்குப் பயிற்சி வசதி கிடைத்தது என்பதும் உண்மை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கிண்ணத் தங்கம் வரை போனதற்கும் அவர் வளர்ந்த குஜராத்தில் கிடைத்த பயிற்சி துணைநின்றது. நமக்கு அது எளிதில் கிடைக்காது. ஆனால் நிலை, மூச்சு, சமநிலை ஆகிய மூன்றுக்கும் சுடுதளம் தேவையில்லை. வீட்டுக்குள் துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு தும்புத்தடியை ஏந்திப் பழகினால் போதும். ஆனால் துப்பாக்கி போன்ற போலிப் பொருளை வெளியில் கொண்டு திரிவது நம் ஊரில் கூடவே கூடாது. கண்ணாடி போடுகிறவர்கள் தயங்கவும் வேண்டாம். 2008 பீஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ரா கண்ணாடி அணிந்தவர்தான். இலங்கையருக்கு இது எட்டாது என்பதும் சரியல்ல. 1994 விக்டோரியா பொதுநலவாய விளையாட்டில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் எயார் ரைபிள் இணையர் பிரிவில் தங்கம் வென்றார்கள். தெகானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார்.

துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இலங்கையில் 1916இலிருந்து இருக்கிறது. ஆகவே வெளிநாட்டு உறவினரிடம் எயார் ரைபிள் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். அனுமதி பற்றி முதலில் அதிகாரிகளிடம் தெளிவாக விசாரியுங்கள். சுடத் தொடங்கிய பின், ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். வடமராட்சிப் பாடசாலை அதிபர்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றுண்டு: விருப்பமுள்ள பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தாலே போதும், பெற்றோரின் சம்மதத்தோடு தேசிய துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்துக்கு எழுதி, தகுதியுள்ள பயிற்றுநர் ஒருவரை அனுப்பக் கேளுங்கள்.